உள்ளது உள்ளபடி: ஒரு சதவீதக் குறி விழுங்கிய வரி

(சங்கக் கூடத்தில் நடந்த ஞாயிறு மாலைச் சந்திப்பில், நம் காலாண்டிதழின் பக்க வடிவமைப்பைக் கவனித்துவரும் உறுப்பினர் ஆற்றிய உரை. வர இயலாதவர்கள் படிப்பதற்காக இங்கே தருகிறோம்.)



தலைவர் ஐயா எனக்குக் கொடுத்த தலைப்பு "கணினியில் அச்சுக்கோப்பு". இருபது வருஷத்துக்கு மேல் சோறு போட்ட தொழில் என்பதால் விட்டால் ராத்திரி வரை பேசுவேன். பயப்பட வேண்டாம். இன்று நான் பேச வந்தது ஒரு தவறைப் பற்றி. தவறு என்னுடையது. பழி விழுந்ததோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைமேல்.

ஆடி இதழின் கடைசிப் பக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். கோடையில் வாங்கிய தண்ணீர் லாரிச் செலவை வீடுகளுக்குப் பிரித்துச் சொல்லும் ஒரு சின்ன புரோகிராம். எழுதியது பி பிளாக்கில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவி. பதினான்கு வரி, பைத்தான் மொழி. அதில் எனக்குப் பிடித்தது, கணக்குக்கான பெயர்களை எல்லாம் தமிழிலேயே வைத்திருந்தாள். 2008-இல் வந்த பைத்தான் 3 முதல் அதற்கு இடம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. புரோகிராமின் நடுப்பகுதி இது:

மொத்த_செலவு = 51300
வீடுகள் = 64
பங்கு = மொத்த_செலவு // வீடுகள்
மீதி = மொத்த_செலவு % வீடுகள்

இரட்டைச் சாய்கோடு என்றால் முழு எண்ணாக வகுத்தல். சதவீதக் குறி இங்கே சதவீதம் இல்லை, வகுத்தபின் நிற்கும் மீதி. வீட்டுக்கு 801 ரூபாய், மீதி 36 ரூபாய். மீதி இருந்தால் அதை அடுத்த மாதக் கணக்கில் சேர்க்கச் சொல்லிச் சில வரிகள். அவ்வளவுதான்.

இதழ் வந்த மறுநாளே குழுவில் செய்தி: "புரோகிராம் ஓடவில்லை." ஏ பிளாக்கில் ஒருவர் பார்த்துப் பார்த்துத் தட்டியிருக்கிறார், ஓடவில்லை. இன்னொருவர் பிடிஎஃபிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார், அதுவும் ஓடவில்லை. "குழந்தைதானே, விடுங்க சார்" என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல்தான் ரொம்பச் சுட்டிருக்கும் என்று நினைக்கிறேன். பள்ளிக் கண்காட்சியில் வைக்க இருந்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அவள் அம்மா லிஃப்ட்டில் பார்த்தபோது சொன்னார்: "வீட்டுல ஓடுது அண்ணா. நான்தான் தப்பா அனுப்பிட்டேன்னு அழறா."

அன்று ராத்திரிதான் அவள் அனுப்பிய கோப்பையும் நான் அச்சிட்ட பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சில் நான்காவது வரி "மீதி = மொத்த_செலவு" என்பதோடு நின்றுபோயிருந்தது. சதவீதக் குறியும் இல்லை, "வீடுகள்" என்ற சொல்லும் இல்லை. அடுத்த வரி வந்து இதன் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. எப்படி?

நம் இதழை நான் வேர்டில் செய்வதில்லை. லேட்டெக் என்ற அச்சுக்கோப்பு முறையில் செய்கிறேன். அதன் அடித்தளம் டெக். எழுதும்போது கடைசி எழுத்து எக்ஸ்தான். அதைக் கிரேக்க எழுத்தாகக் கொண்டு "டெக்" என்றே சொல்ல வேண்டும் என்பது அதை உருவாக்கியவரின் விருப்பம். அவர் டொனால்டு கனூத், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர். கணினி நிரலாக்கக் கலை பற்றிப் பல பாகங்களாக எழுதிவருபவர், முதல் பாகம் 1968-இல் வந்தது. ஈய எழுத்துக் காலம் முடிந்து ஒளி அச்சுக்கோப்பு வந்த சமயம், 1977-இல், இரண்டாம் பாகத்தின் புதிய பதிப்புக்கு வந்த படியைப் பார்த்து நொந்துபோனார். கணக்குக் குறிகள் அத்தனை அலங்கோலம். நாமே ஒரு முறை செய்துவிடலாம் என்று ஓராண்டு வேலையாக நினைத்துத் தொடங்கியது, எண்பதுகளின் இறுதிவரை இழுத்தது. செய்து முடித்ததை உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். அதன்மேல் எல்லாரும் எளிதாகப் பயன்படுத்தும்படி லெஸ்லி லாம்போர்ட் கட்டியதுதான் லேட்டெக். சென்னையில் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் கோத்துத்தரும் நிறுவனங்களில் எத்தனையோ பேர் இந்த இரண்டையும் வைத்துத்தான் பிழைத்தோம்.

இந்த முறையில் நீங்கள் எழுதும் உரையும், அதை எப்படி அச்சிட வேண்டும் என்ற கட்டளையும் ஒரே கோப்பில் கலந்தே இருக்கும். எது உரை, எது கட்டளை என்று இயந்திரம் எப்படிப் பிரிக்கும்? சில குறிகளை வைத்து. பின்சாய்கோடு வந்தால் கட்டளை தொடங்குகிறது. டாலர் குறி வந்தால் கணக்கு. அடிக்கோடு வந்தால் அடுத்த எழுத்தைக் கீழே இறக்கிச் சிறிதாக்கு. சதவீதக் குறி வந்தால், அங்கிருந்து வரி முடியும்வரை இருப்பது எழுதுபவர் தனக்காக வைத்த குறிப்பு, அதை அச்சிடாதே.

வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லின் இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டால் சொல் தடிமனாகும், நட்சத்திரம் மறைந்துவிடும் இல்லையா? அதே சங்கதிதான். நட்சத்திரத்தையே காட்ட நினைத்தவருக்கு அது தொல்லை.

டெக் உள்ளே வரும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வகை எண் ஒட்டுகிறது. சுழியத்திலிருந்து 15 வரை, மொத்தம் 16 வகை. பின்சாய்கோட்டுக்குச் சுழியம், இடைவெளிக்கு 10, எழுத்துகளுக்கு 11, சதவீதக் குறிக்கு 14. நம் வாசலில் வாட்ச்மேன் பார்சல் ஒவ்வொன்றிலும் பிளாக் எண் எழுதி அனுப்புவதுபோல. சாதாரண உரைக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரு புரோகிராமை அச்சிடும்போது, அதில் இருக்கும் சதவீதக் குறியும் அடிக்கோடும் வேறொரு மொழியின் சொத்து. டெக் அவற்றைத் தன் மொழியாக எடுத்துக்கொண்டு காரியத்தில் இறங்கிவிடும். இடைவெளிக்கும் அதே கதி. பத்து இடைவெளி விட்டாலும் டெக்குக்கு ஒன்றுதான். வரியின் தொடக்கத்தில் விட்டால் அதுவும் இல்லை. பைத்தானிலோ வரி எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்பதே இலக்கணம். எது எதற்குள் அடங்கும் என்பதை அந்தக் காலி இடம்தான் சொல்கிறது.

இதற்கு மருந்து ஆரம்பத்திலிருந்தே உண்டு. பெயர் வெர்பேட்டிம். தமிழில் சொன்னால் உள்ளது உள்ளபடி. இந்தக் கட்டளை கொடுத்தவுடன் டெக் தன் சிறப்புக் குறிகள் அத்தனைக்கும் 12-ஆம் எண்ணை ஒட்டிவிடுகிறது, அதாவது "மற்றவை". பின்சாய்கோடு வெறும் கோடு, டாலர் வெறும் டாலர். இடைவெளி விட்டபடி நிற்கும், வரி முடிந்த இடத்தில் முடியும். தட்டச்சு இயந்திரம்போல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலம். அதன் காது கேட்பது ஒரே ஒரு தொடரைத்தான்: "வெர்பேட்டிம் முடிந்தது" என்ற கட்டளை. அது வரும்வரை வேறு எதற்கும் அசையாது. (இதில் ஒரு வேடிக்கை: வெர்பேட்டிம் பற்றிப் பாடம் எழுதுகிறவர் அந்த முடிவுக் கட்டளையை வெர்பேட்டிமுக்குள் வைத்துக் காட்ட முடியாது. எழுதிய நொடியே அது முடித்துவைத்துவிடும்.) ஒரு வரிக்குள் இரண்டு சொல் மட்டும் காட்ட வேண்டுமானால் "வெர்ப்" என்று சின்னக் கட்டளை உண்டு. அதற்கு ஏறக்குறைய எந்தக் குறியை வேண்டுமானாலும் வேலியாகக் கொடுக்கலாம், உள்ளே அந்தக் குறி வராமல் பார்த்துக்கொண்டால் சரி.

இவ்வளவு தெரிந்தவன் ஏன் அதைப் பயன்படுத்தவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பயன்படுத்தினேன். பக்கத்தைப் பார்த்தால் எண்களும் சமக் குறியும் இருக்கின்றன, தமிழ்ப் பெயர்கள் வரவேண்டிய இடமெல்லாம் காலி. வெர்பேட்டிம் தானாக எடுக்கும் தட்டச்சு எழுத்துருவில் தமிழ் எழுத்தே கிடையாது. இல்லாத எழுத்துக்காக அது வேலையை நிறுத்தாது. பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதிவைத்துவிட்டுப் பேசாமல் போய்விடும். தமிழைச் சரியாகக் கோக்க நான் பயன்படுத்துவது ஸீடெக், 2004-இல் ஜொனதன் க்யூ கொண்டுவந்த வடிவம். அதில் இதைச் சரிசெய்ய ஒரே வரி போதும்: தட்டச்சு எழுத்துருவாகத் தமிழ் உள்ள ஒன்றை எடுத்துக்கொள் என்று. தமிழில் "ர" எவ்வளவு, "ணை" எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். ஒரே அகலத்தில் அவற்றை அடைத்தால் ஒன்று பட்டினி, ஒன்று மூச்சுத்திணறல். ஆகவே பத்தி பத்தியாக நேராக நிற்காது. ஆனால் எழுத்து வரும். அது போதும்.

அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. மணி பதினொன்றரை, காலையில் இதழ் போக வேண்டும். கூடவே இன்னொரு முடிச்சு. அந்தப் புரோகிராமை நிறம் போட்ட ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தேன். பெட்டிக் கட்டளைக்குள் வெர்பேட்டிம் வேலை செய்யாது. பெட்டி தனக்குள் வருவதை முதலில் முழுதாகப் படித்து வாங்கிக்கொள்கிறது. படிக்கும்போதே ஒவ்வொரு எழுத்துக்கும் எண் ஒட்டியாகிவிட்டது. அப்புறம் உள்ளேயிருந்து வெர்பேட்டிம் "பிரிக்காதே" என்று கத்தி என்ன பயன்? பெரிய பார்சலை வாசலிலேயே பிரித்தபின், உள்ளிருக்கும் சின்னப் பார்சலில் "பிரிக்கக் கூடாது" என்று எழுதியிருந்த கதை. அடிக்குறிப்புக்குள்ளும் இதே தடை. இதற்கும் வழிகள் உண்டு, பெட்டியை வேறு விதமாகப் போட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் நான் எடுத்தது குறுக்கு வழி: வெர்பேட்டிமே வேண்டாம், கையால் செய்துவிடலாம்.

கையால் என்றால், சிறப்புக் குறி ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு வைத்து "இதைக் கட்டளையாக எடுக்காதே, அச்சிடு" என்று சொல்வது. அடிக்கோடு மறந்தால் டெக் விடாது. டாலர் குறியைக் காணோம் என்று பிழை சொல்லி அங்கேயே நின்றுவிடும். நின்றது, திருத்தினேன், மறுபடி நின்றது, திருத்தினேன். எல்லா அடிக்கோடும் சரியாகிவிட்டது. சதவீதக் குறியிலோ டெக்குக்குப் பிழை என்று எதுவும் தெரியவில்லை. குறிப்பு என்று நினைத்து, அதையும் பின்னால் இருந்த சொல்லையும், வரியை முடிக்க நான் வைத்திருந்த கட்டளையையும் சேர்த்து விழுங்கிவிட்டது. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. பக்கம் அழகாக வந்தது. நான் தமிழ் ஒற்றுப் பிழைகளை மட்டும் பார்த்துவிட்டுப் படுக்கப் போனேன்.

பார்த்துத் தட்டியவர் தோற்றது இதனால். ஒட்டியவருக்கு இன்னும் இரண்டு கண்ணி. மேற்கோள் குறிகளை டெக் புத்தக அழகுக்காக வளைத்து அச்சிடும். பைத்தானுக்கு நேர் குறிதான் வேண்டும், வளைந்ததைக் கண்டால் செல்லாத எழுத்து என்று தள்ளிவிடும். (டெக்கின் பழைய எழுத்துருக்களில் வெர்பேட்டிமுக்குள்ளேகூட ஒற்றை மேற்கோள் வளைந்துதான் வரும். அதை நிமிர்த்துவதற்கென்றே "அப்கோட்" என்று ஒரு தொகுப்பு இருக்கிறது.) அடுத்தது பிடிஎஃப். டெக் சொற்களுக்கு இடையே இடைவெளி என்ற எழுத்தை வைப்பதில்லை. இவ்வளவு தூரம் தள்ளி அடுத்ததை வை என்றுதான் கணக்கிடுகிறது. கண்ணுக்கு இடைவெளி தெரியும், எடுத்து ஒட்டினால் வரியின் முன்னிருந்த இடம் பல நேரம் காணாமல் போகும். தமிழ் என்றால் கேட்கவே வேண்டாம். "மொத்தம்" என்பதில் கொம்பு முன்னால், கால் பின்னால். பிடிஎஃபிலிருந்து எடுத்தால் அவை இடம் மாறி விழுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தொழிலில் சேர்ந்த புதிதில் நடந்தது. வலைத்தளம் கட்டுவது பற்றிய ஒரு புத்தகம். எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று உலாவி சொல்லும் ஒரு தலைப்புச் சொல் அதில் வரும்: "ரெஃபரர்". ஆங்கில எழுத்துக்கூட்டில் நான்கு "ஆர்" வேண்டும், புத்தகத்தில் மூன்றுதான். நான் கண்ணும் கருத்துமாக வந்த இடமெல்லாம் ஒரு "ஆர்" சேர்த்துவிட்டேன், பெருமையாகவும் இருந்தது. நூலாசிரியரிடமிருந்து படி திரும்பி வந்தபோது எல்லா இடத்திலும் சிவப்பு மை. அந்தச் சொல் முதலில் விதியாக எழுதப்பட்டபோதே பிழையாக எழுதப்பட்டுவிட்டதாம். உலகத்தின் அத்தனை சர்வரும் அந்தப் பிழையைத்தான் பேசுகின்றன. திருத்தினால் ஓடாது. ஏட்டுச் சுவடியைப் பதிப்பித்தவர்கள் தனக்குப் புரியாத சொல்லையும் இருந்தபடி போட்டு, பாடபேதத்தைக் கீழே தனியாகக் குறித்தார்களே, அந்தப் பொறுமை அன்று எனக்கு இல்லை. போன ஆடியிலும் இல்லை.

சரி, இந்த முறை என்ன செய்திருக்கிறேன்? நிறம் பூசி அழகாகக் காட்டும் தொகுப்புகள் உண்டு. "லிஸ்டிங்ஸ்" புகழ்பெற்றது, ஆனால் தமிழ் எழுத்தைக் கண்டால் தடுமாறி வரிசை மாற்றிவிடுகிறது. "மின்டட்" இன்னும் நன்றாக நிறம் போடும். ஆனால் பிக்மென்ட்ஸ் என்ற வேறொரு புரோகிராமை வெளியிலிருந்து அழைத்துச் செய்கிறது. பக்கம் கோக்கும் கருவி வெளிப் புரோகிராமை இயக்க அனுமதி கொடுப்பது, யார் கோப்பு என்று தெரியாமல் செய்யக் கூடாத காரியம். எனக்கு நிறம் வேண்டாம். "ஃபேன்சிவெர்ப்" என்ற தொகுப்பில், கோப்பின் பெயரைச் சொன்னால் போதும், அதுவே போய் எடுத்து உள்ளபடி அச்சிடும். நான் ஒட்டவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம். அவள் கணினியில் ஓடிய அதே கோப்பு, என் விரல் படாமல், பக்கத்துக்கு வருகிறது. தமிழ் உள்ள எழுத்துருவைச் சொல்லியிருக்கிறேன். பெட்டியை எடுத்துவிட்டேன், மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, வரி எண்கள், அவ்வளவுதான்.

அச்சான பக்கத்தை வைத்து ஏ பிளாக்கில் அன்று தோற்ற அதே நண்பரைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். ஓடியது. அவரே குழுவில் எழுதியிருக்கிறார், பார்த்திருப்பீர்கள்.

கண்ணு, நீ அனுப்பியதில் ஒரு புள்ளிகூடத் தப்பு இல்லை. உன் பெயரைப் போட்டு என் பிழையை அச்சிட்டுவிட்டேன். மன்னித்துக்கொள். கண்காட்சிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று உன் அம்மா சொன்னார்.

இதைப் படிக்கும் உங்களுக்கு இரண்டு வேண்டுகோள். இந்த ஐப்பசி இதழின் கடைசிப் பக்கத்தில் அந்தப் புரோகிராம் மறுபடி வருகிறது. அதைப் பிடிஎஃபிலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். பக்கத்தின் அடியில் கோப்புக்கான இணைப்பு இருக்கிறது, அதை இறக்கிக்கொள்ளுங்கள். இனி இதழுக்குப் புரோகிராமோ வங்கிக் கணக்கு விவரமோ வைஃபை கடவுச்சொல்லோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே வரவேண்டிய எதுவாயினும், வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பாமல் தனிக் கோப்பாக அனுப்புங்கள்.

போன முறை பதினான்கு வரி, இந்த முறை பதினாறு. அவளே இரண்டு வரி கூட்டியிருக்கிறாள்: மீதி 36 ரூபாயை யார் பேரில் எழுதுவது என்று பொருளாளரைக் கேட்கிறதாம் புரோகிராம். பொருளாளர் சார் அந்தக் கேள்வியை எடுத்துவிடச் சொன்னார். நான் தொடவில்லை.